கேட்டதும் சொன்னதும்: நாமா, நாங்களா?

இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பக்கத்தில், கோச்சி நேரசூசியைப் பழங்கால இலக்கியத்தின் உச்சம் என்று புகழும் ஒரு ரஷ்ய நாவலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்குப் பதினேழு கடிதங்கள் வந்துவிட்டன. ஓய்வூதியப் படிவம் பற்றியும் கிணற்று நீரின் உவர்ப்பு பற்றியும் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கு அடுத்த இதழ். இம்முறை பக்கம் முழுவதும் அந்த நாவலுக்கே.

கேள்வி: நாவலின் பெயரையே சொல்லவில்லையே ஐயா? எழுதியவர் யார்? உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? (மாணவன், நிலாவெளி)

பதில்: பெயரை மறந்து விடவில்லை தம்பி. தமிழில் எப்படிச் சொல்வதென்று முடிவெடுக்க முடியாமல் விட்டேன். ரஷ்ய மொழியில் இரண்டே எழுத்து, ஆங்கிலத்திலும் 'We' என்று இரண்டே எழுத்து. தமிழுக்கு வரும்போதுதான் தகராறு. கீழே ஒரு ரீச்சர் அதையே கேட்டிருக்கிறார், அங்கே வருகிறேன். எழுதியவர் யெவ்கேனி ஸம்யாத்தின். 1920, 1921 ஆம் ஆண்டுகளில் எழுதினார். புரட்சி நடந்து மூன்று நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

எனக்குக் கிடைத்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. நான் ஸ்டேசன் மாஸ்டராகக் கடமையில் இருந்த இடத்தில், கொழும்பிலிருந்து வந்த இரவு மெயிலில் யாரோ வெள்ளைக்காரப் பயணி விட்டுப்போன புத்தகம். பெட்டி கூட்டுகிற பொடியன் கொண்டுவந்து மேசையில் வைத்தான். முன்னட்டை இல்லை. முதல் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம். பதிவேட்டில் 'புத்தகம் 1, ஆங்கிலம், அட்டை இல்லை' என்று எழுதினேன். தேடி யாரும் வரவில்லை. விதிப்படி மேலிடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்புமுன் ஒரு இரவு சும்மா புரட்டினேன். இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது. நான் ஓய்வு பெற்று ஒன்பது வருடம். இனிமேல் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நேரசூசியைப் போய் இலக்கியம் என்பது நம் தொழிலைக் கேலி பண்ணுவதுதானே? (முன்னாள் கார்ட், சீனக்குடா)

பதில்: நானும் முதலில் அப்படித்தான் நினைத்துச் சிரித்தேன். 'ஒற்றை அரசு' என்று ஒன்று உலகத்தையே அடக்கி ஆயிரம் வருடம் கழித்து நடக்கும் கதை. தலைவனுக்கு 'உபகாரி' என்று பெயர். குடிமக்களுக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். கதை சொல்பவன் டி-503 என்ற கணிதக்காரன். 'இன்டெக்ரல்' என்ற விண்கலத்தைக் கட்டுகிற பொறுப்பு அவனுடையது. நாம் வாசிப்பது அவன் எழுதிவைத்த நாற்பது குறிப்புகளை.

அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே மணிநேர அட்டவணை. ஒரே நிமிடத்தில் எழும்புவார்கள். ஒரே வினாடியில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவார்கள். ஒரு வாய்க்கு ஐம்பது தரம் மெல்ல வேண்டும் என்று சட்டம். அந்த அட்டவணையைப் பார்த்து உருகுகிற இடத்தில்தான் டி-503 சொல்கிறான்: முன்னோர் விட்டுப்போன இலக்கியத்தில் ரயில்வே நேரசூசியைவிடப் பெரியது இல்லை. ஆனால் அதுவும் எங்கள் அட்டவணைக்கு முன்னால், வைரத்துக்குப் பக்கத்தில் வைத்த பென்சில் கரிதான்.

அவன் கேலி பண்ணவில்லை, மனமாரக் கும்பிடுகிறான். நீங்களும் நானும் கும்பிட்ட மாதிரி. கல்ஓயாவில் மட்டக்களப்புப் பாதையும் நம் பாதையும் பிரிகிற இடத்தை வண்டி ஒரு நிமிடம் பிசகாமல் தாண்டியது என்று செய்தி வரும் இரவுகளில் எனக்கு வந்த நிம்மதி, உண்மையைச் சொன்னால், கோணேசர் சந்நிதியில்கூட வந்ததில்லை. அதை நினைத்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. உபகாரியிடம் ஆளைக் கொல்லும் இயந்திரம் ஒன்று உண்டு. அதைவிட, அதையும் ரசித்து எழுதுகிற இந்த நல்ல பிள்ளையை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கேள்வி: எழுத்தாளர் கப்பல் கட்டியவர் என்கிறார்களே, உண்மையா? (துறைமுகத் தொழிலாளி, திருகோணமலை)

பதில்: உண்மை. 1884 இல் லெபெதியான் என்ற ஊரில் பிறந்து, பீட்டர்ஸ்பர்க்கில் கப்பல் பொறியியல் படித்தவர். மாணவனாக இருக்கும்போதே போல்ஷெவிக் ஆகி, 1905 இல் ஜார் ஆட்சியில் பிடிபட்டுச் சிறையில் இருந்தார். 1916 இல் ரஷ்யாவுக்காகக் கட்டிய பனியுடைக்கும் கப்பல்களை மேற்பார்வை செய்ய இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம் போனார். அவற்றில் 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' என்ற ஒன்றுக்குப் புரட்சிக்குப் பிறகு 'லெனின்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாற்றத்தை அவர் கட்டிய கப்பலே அனுபவித்திருக்கிறது.

ஸ்டொப்வாட்சும் கையுமாக நின்று தொழிலாளியின் கையசைவை அளந்த அமெரிக்கப் பொறியியலாளர் டெய்லர் இந்த நாவலில் ஒரு மகா ஞானி. காண்ட் என்ற தத்துவவாதியைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதிய முன்னோர், டெய்லரைக் கவனிக்காமல் விட்டார்களே என்று டி-503 அங்கலாய்க்கிறான். உங்களுக்குப் பிடிக்கக்கூடிய இடம் இரண்டாவது குறிப்பில் இருக்கிறது. வேலைத்தளத்தில் இயந்திரங்கள் குனிந்து நிமிர்வதைப் பார்த்து நடனம் என்கிறான். ஜெட்டியில் கிரேன் இறக்குவதை வேலை முடிந்த பிறகும் நின்று பார்த்திருப்பீர்கள், அழகுதான். ஏன் அழகு என்று அவன் தன்னையே கேட்டு, 'சுதந்திரம் இல்லாத அசைவு, அதனால் அழகு' என்று பதிலும் சொல்லிக்கொள்கிறான். கப்பல்காரன் எழுதியது என்பதற்கு அந்த ஒரு பக்கம் போதும்.

கேள்வி: உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறேன். இந்த நாவலில் மறை ஒன்றின் (−1) வர்க்கமூலம் வருகிறதாமே? (மாணவி, திருகோணமலை)

பதில்: வருகிறது பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அதை முதன்முதல் படித்த நாளில் சிறுவன் டி-503 அழுது மேசையில் குத்துகிறான்: 'எனக்கு இது வேண்டாம், எனக்குள்ளிருந்து எடுத்துவிடுங்கள்!' எல்லாம் கணக்கில் அடங்கும் என்று நம்பியவனுக்கு, கணக்குக்குள்ளேயே அடங்காத ஒன்று. பெரியவனாகிக் காதல் வந்ததும் அந்தப் பழைய முள் மறுபடி குத்தத் தொடங்குகிறது.

தமிழில் வாசிக்கிறவருக்கு இங்கே ஒரு கொசுறு உண்டு. உன் பாடப்புத்தகத்தில் அதற்கு என்ன பெயர்? கற்பனை எண். கதையின் பிற்பகுதியில் ஒற்றை அரசு ஒரு சத்திரசிகிச்சையை அறிவிக்கிறது. மூளையில் ஒரு சின்ன முடிச்சைக் கதிரால் மூன்று தரம் சுட்டுவிட்டால் மனிதன் இயந்திரம் மாதிரிக் குறையில்லாதவன் ஆகிவிடுவானாம். அந்த முடிச்சின் வேலை என்ன தெரியுமா? கற்பனை. சிறுவன் எடுக்கச் சொன்னதற்கும் அரசு எடுக்க வருவதற்கும் நம் மொழியில் ஒரே சொல்.

கேள்வி: அந்த ஊரில் எல்லா வீடும் கண்ணாடிச் சுவராம். எங்கள் வீட்டில் இரண்டு அறைக்குள் ஒன்பது பேர். எங்களுக்கு எந்தச் சுவர் இருந்தால் என்ன? (இல்லத்தரசி, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். 'அவ கேட்டதில என்ன பிழை?' என்றார். பிழை இல்லை. ஆனால் விஷயம் இதுதான். அங்கே சுவர் மட்டுமல்ல, கட்டில் மேசைகூடக் கண்ணாடி. திரை இறக்கலாம், அதற்கு இளஞ்சிவப்புச் சீட்டு வேண்டும். யாரோடு உறவு என்று முன்கூட்டியே பதிந்து, குறித்த நாளில் சீட்டைக் கொடுத்தால், அடித்துண்டைக் கிழித்துக்கொண்டு அந்த நேரத்துக்கு மட்டும் திரை இறக்க விடுவார்கள். பிளாட்போம் டிக்கட் மாதிரி.

உங்கள் வீட்டில் யாராவது உடுப்பு மாற்றினால் மற்றவர் தலையைத் திருப்பிக்கொள்வார். மகளுக்கு வந்த கடிதத்தை அவள் மூலையில் இருந்து வாசித்தால் நீங்கள் தேங்காய் துருவப் போய்விடுவீர்கள். நாங்களும் பதினொரு பேர் வளர்ந்த வீடுதான். அங்கே சுவர் இருந்தது தங்கச்சி, அந்தத் தலைத் திருப்பலில் இருந்தது. கண்ணாடி ஊரில் தலையைத் திருப்பினால் குற்றம். கண்டதைக் காவலர் பணியகத்தில் போய்ச் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: இலக்கத்தை வைத்தே ஆணா பெண்ணா என்று அந்த நாட்டில் கண்டுபிடித்துவிடுவார்களாமே? (வாசகர், கன்னியா)

பதில்: ஆண்களுக்கு மெய்யெழுத்தும் ஒற்றை எண்ணும், பெண்களுக்கு உயிரெழுத்தும் இரட்டை எண்ணும். டி-503, ஆர்-13 ஆண்கள். ஐ-330, ஓ-90 பெண்கள். ஆண் மெய், பெண் உயிர் என்று ரஷ்யர் திட்டமிட்டிருக்க மாட்டார், ஆனால் தமிழ்க் காதுக்கு அது கேட்காமல் போகாது. ஐ-330 வந்த பிறகுதான் டி-503 தூக்கம் கெட்டு வைத்தியரிடம் போகிறான். வைத்தியர் பார்த்துவிட்டு, 'உமக்கு ஆன்மா உண்டாகிவிட்டது, நிலைமை மோசம்' என்கிறார்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? உங்கள் வீட்டில் பழைய அடையாள அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். என் மனைவியின் பிறந்தநாளை நான் 500 ஐக் கழித்துத்தான் கண்டுபிடிப்பேன்.

கெடுபிடி நாட்களில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனேன். ஒருநாள் அட்டையை வீட்டில் விட்டுவிட்டேன். வெள்ளைச் சீருடையில் நிற்கிறேன், நின்றவனும் என்னை மாதக்கணக்காகக் காலையும் மாலையும் பார்க்கிறவன். பெயரைச் சொன்னேன், நிமிரவில்லை. இலக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தேன். கொப்பியில் எழுதிக்கொண்டு போகச் சொன்னான்.

கேள்வி: கோட்டைப் பக்கத்து மான்கள் என் வேலியைப் பிய்த்துச் செவ்வரத்தையையும் ரோசாவையும் தின்றுவிட்டன. நீங்கள் எழுதிய நாவலில் நகரத்தைச் சுற்றிப் பச்சைச் சுவர் கட்டினார்களாமே, அது நல்ல யோசனை அல்லவா? (எரிச்சலடைந்தவர், திருகோணமலை)

பதில்: நாவல் என்னுடையது இல்லை, முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பச்சைச் சுவர் கண்ணாடியால் ஆனது. இந்தப் பக்கம் ஒற்றை அரசு, அந்தப் பக்கம் காடு. டி-503 ஒருநாள் சுவரோரம் நிற்கும்போது அப்பாலிருந்து ஒரு மிருகம் மஞ்சள் கண்ணால் அவனையே பார்க்கிறது. இரண்டு பேரும் அசையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 'ஒருவேளை இது எங்களைவிடச் சந்தோஷமாக இருக்குமோ?' என்று ஒரு கணம் நினைத்து, உடனே அந்த நினைப்பை உதறுகிறான்.

எங்கள் படலைக்கும் ஒரு கொம்பன் விடியற்காலையில் வரும். வாழைப்பழத் தோல் போட்டால் தின்னும், போடாவிட்டால் நின்று பார்க்கும். பேப்பர்காரப் பொடியன் மணி அடித்தால் ஒதுங்கி வழிவிடும். உங்கள் ரோசாவுக்கு முள்ளுக்கம்பி போடுங்கள், சுவர் வேண்டாம்.

கேள்வி: முடிவைச் சொல்லிவிடுங்கள், வாசிக்க நேரமில்லை. (வியாபாரி, திருகோணமலை)

பதில்: ஒற்றை அரசில்கூட 16 மணியிலிருந்து 17, 21 இலிருந்து 22 என்று ஆளுக்கு இரண்டு மணித்தியாலம் சொந்த நேரம் கொடுக்கிறார்கள். உங்களுக்கு அதுவும் இல்லையா? முடிவு சொல்ல மாட்டேன். ஓ-90 என்ற பெண்ணை மட்டும் தவறவிடாதீர்கள். தாயாவதற்குச் சட்டம் குறித்த உயரத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் குறைந்தவர். சின்னப் பாத்திரம் என்று நினைத்து நான் முதல் தரம் அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

கேள்வி: இவ்வளவு ரஷ்யப் புத்தகங்கள் தமிழில் வந்தனவே, இவர் பெயரை மட்டும் ஏன் நாங்கள் கேள்விப்படவில்லை? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: என் தலைமுறைக்கு ரஷ்யா என்றால் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம்தான். நல்ல கட்டு, மலிவு விலை, அச்சுமையின் தனி வாசம். கார்க்கியின் 'தாய்' வாசித்து அழாதவர் எங்கள் வட்டத்தில் இல்லை. ஸம்யாத்தின் அந்தப் பெட்டிகளில் வரவில்லை, அவர் நாட்டிலேயே வெளிவர விடவில்லை. முதலில் அச்சானது 1924 இல் நியூயோர்க்கில், அதுவும் ஆங்கிலத்தில். 1927 இல் பிராக் நகரில் ஒரு ரஷ்யப் பத்திரிகை சில பகுதிகளைப் போட்டது. அதைப் பிடித்துக்கொண்டு 1929 இல் அவர்மேல் பெரிய தாக்குதல் நடந்தது, எந்த வாசலும் திறக்கவில்லை. 1931 இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார்: எழுத விடாமல் வைப்பது எழுத்தாளனுக்கு மரணதண்டனை, என்னை வெளியே போக விடுங்கள் என்று. நாம் அழுது வாசித்த அதே கார்க்கி இடையில் நின்று உதவினார், அனுமதி கிடைத்தது. 1937 இல் பாரிசில் இறந்தார். ரஷ்ய மொழியில் முழுப் புத்தகம் 1952 இல் நியூயோர்க்கில் வந்தது, சோவியத் நாட்டில் 1988 இல்.

ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் இதற்கு மதிப்புரை எழுதியது 1946 ஜனவரியில், இதே மாதிரி ஒரு அரசைப் பற்றிய அவருடைய '1984' நாவல் வந்தது 1949 இல். மிச்சக் கணக்கை நீங்களே போடுங்கள். எனக்கு மூத்தவர்தான் பிடிக்கும். ஓர்வெலின் ஆள் முதல் பக்கத்திலேயே சோர்ந்து போனவன். டி-503 ஐப் பார்த்துச் சிரிக்கலாம், சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா? (தமிழாசிரியை, மூதூர்)

பதில்: ரீச்சர், இந்தக் கேள்விதான் என்னை இரண்டு மாதமாகத் தின்றது. இலக்கணப்படி நாம் என்றால் கேட்பவரும் உள்ளே, நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. நம் ஊர்ப் பேச்சில் அதுவும் குழம்பிக் கிடக்கிறது. 'வாங்கோ, நாங்கள் போவம்' என்று கேட்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். 'நாம்' என்பது மேடையிலும், கூத்தில் ராசா வேசக்காரன் வாயிலும் மட்டும்.

முதல் குறிப்பைப் பாருங்கள். 'நான் நினைப்பதை எழுதுவேன், அதாவது எங்கள் எல்லோருடைய நினைப்பையும், ஆகவே இதுவே தலைப்பு' என்கிறான். தங்களுக்குள் பேசும்போது அது நாம், ஐயமில்லை. ஆனால் யாருக்கு எழுதுகிறான்? இன்டெக்ரல் போய் இறங்கப்போகிற வேறு கிரகங்களில், இன்னும் சுதந்திரம் என்ற காட்டுநிலையில் இருக்கக்கூடிய முகம் தெரியாதவர்களுக்கு. அவர்களைப் பார்த்துச் சொன்னால் நாங்கள். அதோடு விடவில்லை. நாங்கள் கொண்டுவரும் பிழையற்ற சந்தோஷம் உங்களுக்குப் புரியாவிட்டால், வலுக்கட்டாயமாகச் சந்தோஷப்படுத்துவது எங்கள் கடமை என்று விண்கலத்தைப் பற்றிய அரசு அறிவிப்பே சொல்கிறது. விண்கலம் இறங்கும் வரை நாங்கள், இறங்கிய பிறகு நாம். இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு பீரங்கி இருக்கிறது. ஒரே சொல் வைத்திருக்கிற மொழிக்காரருக்கு அது கண்ணில் படாது.

நடுவில் இன்னொரு கூத்து. நாள் போகப்போக அவன் எழுத்தில் 'நான்' பெருகிவிடுகிறது. தலைப்புக்கு உள்ளே இருந்துகொண்டே தலைப்பைப் பொய்யாக்குகிறான்.

என் பிரதிக்கு முன்னட்டை இல்லை என்றேனே, பழைய நாட்காட்டித் தாளில் உறை போட்டு 'நாம்' என்று எழுதினேன். ஒரு கிழமை கழித்து வெட்டிவிட்டு 'நாங்கள்'. இப்போது அதையும் வெட்டியிருக்கிறேன். உங்கள் தீர்ப்பை எழுதி அனுப்புங்கள், தாளில் இன்னும் இடம் இருக்கிறது.

கேள்வி: சட்டப் புத்தகத்தை விட்டு ஒரு அங்குலம் நகராத மனுசன் நீங்கள். உங்களுக்கு இந்தக் கலகக்கார நாவலில் என்ன ஒட்டியது? (பெயர் வேண்டாம், திருகோணமலை)

பதில்: பெயர் போடாவிட்டாலும் கையெழுத்து தெரிகிறது ஐயா, நாம் ஒன்றாக வேலை செய்தோம். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேசனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அதற்கு அத்தாட்சி டெப்லட் என்ற வில்லை. அடுத்த ஸ்டேசன்காரர் சம்மதித்தால்தான் என் பெட்டி வில்லையை விடும், அதை வளையத்தில் போட்டுச் சாரதிக்குக் கொடுப்போம். கேட்பதும் சம்மதிப்பதும் மணியில். எதற்கு எத்தனை அடி என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்த அடிகளை எந்தக் கையால், எந்த மனதோடு அடிப்பது என்று புத்தகத்தில் இல்லை.

ஒரு சின்ன ஸ்டேசனில் இரண்டு வருடம் இருந்தேன். அடுத்த ஸ்டேசனில் ஒரு சிங்கள மாஸ்டர், என்னிலும் மூத்தவர். முகம் பார்த்ததில்லை. தொலைபேசியில் வண்டி இலக்கமும் நேரமும் தவிர எதுவும் கதைத்ததில்லை, காலம் அப்படி. ஆனால் மணியில் ஆளைத் தெரியும். முதல் அடி அடித்துவிட்டுச் சின்ன யோசனை. பிறகு மிச்சமெல்லாம் ஒரே ஓட்டம். கடைசி அடி மட்டும் மெத்தென்று விழும், குழந்தை நித்திரையான வீட்டில் கதவு சாத்துகிற மாதிரி. உடம்பு சரியில்லாத நாட்களில் அந்த யோசனை நீளும். மாற்று ஆள் வந்தால் முதல் அடியிலேயே பிடிபட்டுவிடும், அன்று இரவு முழுக்க எனக்கு என்னவோ போல் இருக்கும்.

டி-503 க்குத் தன் கைகள்மேல் வெறுப்பு. உரோமம் மண்டிய கை, எல்லோரும் ஒரே அச்சில் இருக்கிற ஊரில் காட்டுக்காலத்து மிச்சம் மாதிரி அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. யாராவது பார்த்தால் கூசிப்போவான். அந்தப் பக்கத்தை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஒரு அடி. யோசனை. பிறகு ஓட்டம்.

ஓய்வு பெற்ற பிறகு, கூட வேலை செய்த ஒருவரின் மகள் கலியாணத்தில் அவரைக் கண்டேன். யாரோ ஊர்ப்பெயர் சொல்லி அறிமுகம் செய்தார்கள். ஒல்லி மனிதர், மெல்லிய விரல்கள். நான் இருந்த ஸ்டேசனின் பெயரைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பலகாரத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மேசையில் விரலால் தட்டினார். அவசரம் அவசரமாக, மூச்சுவிட இடமில்லாமல், கடைசித் தட்டு தடக்கி இரண்டாகி விழுந்தது. எனக்கு விளங்கவில்லை. இது யாருடைய மணி என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த என் மனைவிதான் சொன்னார்: 'உங்கடதான். சோறு பிந்தினால் வீட்டு மேசையிலயும் இப்படித்தானே தட்டுவீங்கள்.'